கீழே ஆள் இல்லை

படிவத்தில் ஏழாவது கட்டத்துக்குத்தான் அதிகப் புள்ளி. கழிவுநீர் பாயும் வழியில் நிரந்தரமாகக் குடியிருப்போர் தொகை என்று அதில் கேட்டிருந்தது. நூற்றுக்கு நாற்பது. மற்றக் கட்டங்கள் எல்லாம் வீதி, மின்சாரம், உரிமையாளரின் ஒத்துழைப்பு என்று சில்லறை சில்லறையாகப் பிரிந்து கிடந்தன.

எண்பத்தாறாம் ஆண்டு. முந்திய வருடங்களில் எண்ணெய் விலை ஏறி, விறகும் கிடைக்காமல் போனதால் தேயிலைத் தொழிற்சாலை அடுப்புகளிலும் ஓட்டுச் சூளைகளிலும் நிலக்கரியைப் போட்டு எரிக்கத் தொடங்கியிருந்தார்கள். கரி ரயிலில் வத்தேகம வரை வரும். பாதி கரி, பாதி கல்லும் மண்ணும். அதை அப்படியே எரிக்க முடியாது, கழுவ வேண்டும். எங்கே தண்ணீர் சும்மா ஓடுகிறதோ அங்கே நாலு சீமெந்துத் தொட்டியைக் கட்டிக் கழுவினார்கள். கண்டியைச் சுற்றி அப்படி ஐந்து இடங்கள். கழுவிய தண்ணீரில் என்ன இருக்கிறது, அது கீழே போய் என்ன செய்கிறது என்று ஒரு வருடம் சோதிப்பதற்கு எங்கள் கந்தோருக்குப் பணம் வந்திருந்தது. மூன்று இடத்துக்குத்தான் வந்திருந்தது. ஐந்தில் மூன்றைப் பொறுக்க வேண்டும். பொறுக்குகிறவர் எஞ்சினியர் பாலேந்திரன். அவருக்கு உதவியாள் நான். பேச்சியம்மா, பி.எஸ்ஸி., பேராதனை. தற்காலிக நியமனம்.

சோதனைக்கு எடுக்கும் இடத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அந்த ஒரு வருடமும் கீழே இருக்கும் சனங்களுக்கு நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும். பவுசர் லொறியில் கொண்டுவந்தாவது கொடுக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர் பணம் தந்தபோது போட்ட நிபந்தனை அது. நம் ஆட்கள் யோசித்துப் போட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஐந்தாவது இடம் பன்விலை. கரி கழுவும் முற்றம் மேலே, மலையின் தோளில். அதற்குக் கீழே குடிதண்ணீர் பிடிக்கும் ஒரு பீலி. பீலிக்குக் கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும், முப்பத்தொரு காம்பரா உள்ள லயம். அதில் பத்தொன்பதாவது காம்பராவில் என் அம்மா இருந்தாள், அக்கா இருந்தாள், அக்காவின் மகள் யோகராணி இருந்தாள். யோகராணிக்கு நாலு வயது. முழங்காலுக்குக் கீழே தோல் இல்லாத மாதிரி சொறி. வயிற்றுப்போக்கு நிற்பதும் வருவதுமாக மூன்று மாதம். அந்த வருடம் சித்திரையில் எட்டாவது காம்பராவில் ஒரு குழந்தை அதே மாதிரி ஆரம்பித்து, வைகாசியில் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சர் வயிற்றுப்போக்குக்குக் குளிசை கொடுத்தார். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார். கரி கொதித்தால் கரைந்து போகுமா? எனக்கு இரசாயனம் தெரியும். அவருக்கு அதிகாரம் தெரியும்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு கேள்வி. தேர்வில் ஈடுபடும் அலுவலருக்கு அவ்விடங்களில் உறவினர் உண்டா? "இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். கடதாசிப்படி அது உண்மை. அம்மாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு. என் சித்தப்பா பொன்னையாவுக்கு மட்டும் எப்படியோ இலங்கைப் பிரசாவுரிமை கிடைத்தது, கண்டியில் ஒரு சைக்கிள் கடையில் வேலையும் கிடைத்தது. எனக்கு எட்டு வயதானபோது அவர் என்னைத் தன் மகள் என்று பதிந்து கண்டியில் பள்ளிக்கூடத்தில் விட்டார். அப்படித்தான் நான் படித்தேன். அம்மாவின் மகள் என்று தெரிந்தால் அரசாங்க வேலை கிடைக்காது. போன வருடம் இந்த வேலைக்காக யாரோ விசாரிக்க வருவார்கள் என்று கேள்விப்பட்டபோது, அம்மாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

"யாராச்சும் ஜீப்புல வந்து என்னப் பத்திக் கேட்டா, தெரியாதுன்னு சொல்லு. ஒரு வார்த்த கூடப் பேசாத."

"பெத்தவ தெரியாதுன்னு சொல்லணுமா?"

"சொல்லு. அப்பத்தான் எனக்கு வேல."

"சரி சாமி," என்றாள். அவ்வளவுதான். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

*

பன்விலைக்குப் போவதற்கு முந்திய வாரம் கலகெதரவுக்குப் போனோம். அங்கே முற்றம் வைத்திருந்தவர் ஹுஸைன் ஹாஜியார். குருநாகல் வீதியில் பலசரக்குக் கடை, பின்னால் ஓட்டுச் சூளை, அதற்குப் பின்னால் கரி. ஜீப் நிற்கும் முன்பே அவர் சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"வாங்க சேர், வாங்க மகள். எல்லாத்தையும் நல்லாப் பாருங்க. ஒளிக்க ஒண்ணுமே இல்ல எங்கள்ட்ட. மூணு தொட்டி கட்டி ஈக்கி. ஒண்ணுலருந்து ஒண்ணுக்குப் போய், அடங்கித்தான் வெளிய போகும் தண்ணி."

உண்மையிலேயே அடங்கித்தான் போனது. மூன்றாவது தொட்டியில் என் முகம் தெரிந்தது. கீழே ஆறு வீடுகள்; ஆறிலும் கிணறு. ஹாஜியாரின் மனைவி கைரியா இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தனுப்பினார். பாலேந்திரன் ஒத்துழைப்புக் கட்டத்தில் பத்துக்குப் பத்து போட்டார்.

திரும்பும் வழியில் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"சேர், இது என்ன நியாயம்? ஊத்தையே இல்லாத எடத்துல போயி ஒரு வருசம் ஊத்தை தேடப் போறோமா? அந்த மனுசன் யோக்கியன்னு தெரிஞ்சுக்கவா வெளிநாட்டுக்காரன் காசு குடுத்தான்?"

"பிள்ளை, உள்ளுக்க விடாதவன்ர இடத்தில எப்பிடிச் சோதிக்கிறது? படலைக்கு வெளியில நிண்டு மணந்து பாக்கிறதே?"

"மணந்தே சொல்லலாம் சேர் சில எடத்துல."

"உமக்கு வாய் கூடிப்போச்சு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படும் ஆள் இல்லை அவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் வீடு எரிந்து, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டுத் தனியாகக் கண்டிக்கு மாற்றலாகி வந்தவர். கந்தோரில் தன் கதிரையை எப்போதும் வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்திருப்பார்.

ஐந்து இடத்துக்கும் புள்ளி போட்டுக் கொண்டிருந்தோம். வத்தேகமவும் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து முற்றமும் தேறிவிட்டன. நாலாவது இடம் வேலை செய்யாமல் பூட்டிக் கிடந்தது. மிஞ்சியது ஒரு இடம். கலகெதரவா, பன்விலையா. கலகெதரவுக்கு வீதி இருந்தது, மின்சாரம் இருந்தது, ஹாஜியார் இருந்தார். பன்விலைக்கு ஏழாவது கட்டம் மட்டும்தான் இருந்தது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போயிருந்தபோது ஆள் ஆளாக எண்ணி எழுதி வைத்திருந்தேன். நூற்று அறுபத்து நாலு பேர். நூறு பேருக்கு மேல் இருந்தால் நாற்பது புள்ளியும் கிடைக்கும். நாற்பதும் கிடைத்தால் பன்விலை கலகெதரவை முந்தும். இரண்டு மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன். முந்தும்.

பாலேந்திரன் என் கணக்கை அப்படியே ஏற்கவில்லை. "நேர போய்க் கேட்டு, அங்கத்தை ஆள் ஒருத்தரிட்டக் கையெழுத்து வாங்க வேணும். எல்லா இடத்துக்கும் அப்பிடித்தானே செய்தனாங்கள்," என்றார். நியாயம்தான். வியாழக்கிழமை போவதாக முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமையே சித்தப்பா மூலம் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம். "வியாழக்கெழம ஜீப்பு வரும், பயப்படாதீங்க, எல்லாரும் வெளிய வந்து நில்லுங்க, தண்ணியப் பத்திச் சொல்லுங்க." இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை. சொல்லிக் கொடுத்தால் அது களவு என்று நினைத்தேன். உண்மை அதுவாகவே நிற்கும் என்று நினைத்தேன். கண்ணெதிரே நூற்று அறுபத்து நாலு பேர் இருக்கிறார்கள், கண்ணெதிரே கறுப்புத் தண்ணீர் ஓடுகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்? எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். விதிமுறையை நம்புகிற முதல் ஆளும் நானாகத்தான் இருந்திருப்பேன்.

*

மேலே முற்றத்தில் எங்களை உள்ளே விடவில்லை. காவல்காரன் செல்லச்சாமி கேற்றைப் பாதி திறந்து, "மொதலாளி கொழும்புல" என்றான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். என்னோடு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரு பலகையில் இருந்தவன். வேலிக்கு வெளியே மதகில் கறுப்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு விழுந்தது. அழுகிய முட்டை நாற்றம். இரண்டு போத்தலில் பிடித்துக்கொண்டேன். பாலேந்திரன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒத்துழைப்புக் கட்டத்தில் சைபர் போட்டார்.

"மணந்து பாத்துட்டீங்களா சேர்?" என்றேன்.

"ஓம், ஓம். பாத்தன்," என்றார். சிரித்தார். அந்த நிமிடம் எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

ஜீப் லயத்து முடக்கில் திரும்பியது. அரசாங்க முத்திரை போட்ட ஜீப். முன்னால் சாரதியும் பாலேந்திரனும், பின்னால் நான். நண்பகல். கொழுந்து நிறுக்கப் போயிருந்த பெண்கள் சாப்பாட்டுக்கு வந்திருந்த நேரம். வாசல்களில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு கண நேரம் இருந்தார்கள். பிறகு இல்லை. கதவு சாத்தும் சத்தம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது. வெளியே கோழிகளும், கொடியில் ஈரத்துணியும், நெருப்போடு புகைந்த ஓர் அடுப்பும் மிஞ்சின.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எண்பத்து மூன்றிலும் முதலில் ஒரு ஜீப்தான் வந்தது. காம்பராவுக்கு எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாள் பின்னேரம் லொறியில் வந்தவர்களுக்கு எந்த வாசலை உடைக்க வேண்டும் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. நான் அப்போது பேராதனை விடுதியில் இருந்தேன். இவர்கள் மூன்று நாள் தேயிலைக்குள் படுத்திருந்தார்கள். போன வருடம் பொலிஸ் பிடித்த இரண்டு பையன்களை இதே மாதிரிப் பகலில் ஜீப்பில் கொண்டுவந்து, தெரியுமா என்று காட்டினார்கள். ஒருவனின் அப்பன் "ஐயோ என் மகன்" என்று ஓடி வந்தான். அவனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து அந்த லயத்தில் ஒரு வழக்கம். ஜீப்பில் யார் வந்தாலும் தெரியாது. யார் எண்ண வந்தாலும் நாங்கள் இந்தியாவுக்குப் போகிறவர்கள். எல்லா வாசலிலும் கயிறு கட்டிய ஒரு தகரப்பெட்டி கண்ணில் படும்படி இருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என்னை அதற்குள் சேர்த்து நான் நினைக்கவில்லை.

பத்தொன்பதாவது காம்பராவின் கதவு மட்டும் திறந்திருந்தது. அம்மா வாசலில் வந்து நின்றாள். அவள் என்னைக் கண்டால் எப்படி ஓடி வருவாள் என்று எனக்குத் தெரியும். இப்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இஞ்ச எத்தினை பேர் இருக்கிறியள்?" பாலேந்திரன் மரியாதையாகத்தான் கேட்டார்.

"யாரும் இல்லைங்க தொரை."

"யாரும் இல்லையோ? அப்ப நீங்கள்?"

"நாங்க போறவங்க தொரை. இந்தியாவுக்கு. பாஸ்போட்டு இருக்குங்க. கப்பலு நின்னுபோச்சுன்னுதான் இருக்கோம். இந்தா பாருங்க, பொட்டி கட்டியாச்சு."

"இந்த லயத்தில எல்லாருமோ?"

"எல்லாருந்தான். முப்பத்தியொரு வீடும். கப்பலு வுட்ட மறுநாளு இங்க ஒரு காக்கா குருவி இருக்காது தொரை."

பாலேந்திரன் என் தாளைப் பார்த்தார். "இந்தப் பிள்ளை இஞ்ச வந்து எண்ணினவவாம். நூற்று அறுபத்து நாலு எண்டு எழுதியிருக்கிறா."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பெற்ற கண்ணால் பார்க்கவில்லை. சந்தையில் மீன் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"இந்தப் புள்ளையா? டவுனு புள்ள மாதிரி இருக்கு. நான் பாத்ததே இல்லைங்களே."

நான் என்ன செய்வது? இவள் என் அம்மா, பயத்தில் பொய் சொல்கிறாள் என்றால், நான் வைத்த கையெழுத்து பொய். கையெழுத்து பொய் என்றால் வேலையும் இல்லை, இடமும் இல்லை. வேறு வழியாகப் போய்ப் பார்த்தேன்.

"அம்மா, இந்தப் பீலித் தண்ணி எப்புடி இருக்கு? கறுப்பா வருதாமே. புள்ளைங்களுக்கு நோய் வருதாமே. பயப்படாமச் சொல்லுங்க. இவரு தண்ணியப் பாக்க வந்தவரு."

"தண்ணி நல்லா இருக்குங்க," என்றாள் அம்மா. "ஒரு கொறையும் இல்ல. மேல இருக்கிற மொதலாளி தங்கமானவரு."

அப்போது பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. யோகராணி. என்னைக் கண்டதும் அதன் முகம் முழுவதும் மலர்ந்தது.

"சித்தி!"

அம்மாவின் கை பாய்ந்து போய் அதன் வாயைப் பொத்தியது. "இது கழுத, சேல கட்டுன எல்லாத்தையும் சித்தின்னுதான் கூப்புடும்," என்று சிரித்தாள். கைக்கு மேலே குழந்தையின் கண்கள் மட்டும் தெரிந்தன. என்னையே பார்த்தன. அம்மா அதைத் தன் சேலைக்குள் இழுத்து அதன் கால்களை மறைத்தாள். பாலேந்திரன் அந்தச் சொறியைப் பார்க்கவேயில்லை.

அம்மாவுக்குக் கையெழுத்துத் தெரியாது. மைப்பெட்டியை நான்தான் பிடித்தேன். அவள் பெருவிரலை நான்தான் பிடித்துத் தாளில் உருட்டினேன். நான் பிடித்திருந்த அந்த நேரத்தில் அவள் என் கையை ஒருதரம் அழுத்தினாள். பயப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற அழுத்தல். அந்த விரல் பட்ட இடத்துக்கு மேலே பாலேந்திரனின் பேனை எழுதியிருந்தது: நிரந்தரக் குடியிருப்பாளர் இல்லை.

*

வத்தேகம வரை போத்தல்களை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சோதனைச் சாவடியில் என் போத்தல்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பாலேந்திரன் இறங்கிப் போய்த் தன் அடையாள அட்டையைக் காட்டி விளக்கம் சொல்லிவிட்டு வந்தார். ஏறும்போது முன்னால் ஏறாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சேர், அது..."

"சொல்லாதேயும்," என்றார். "சொன்னால் நான் எழுத வேணும். அவவின்ர மூக்கும் நாடியும் அப்பிடியே உமக்கு இருக்கு. எனக்கென்ன கண் இல்லையோ?"

"அப்ப அது பொய்யுன்னு தெரியும் உங்களுக்கு."

"தெரியும் பிள்ளை. நானும் சொன்ன பொய்தானே. எண்பத்து மூண்டில வெள்ளவத்தையில வாசல்ல நிண்டு, இந்த வீட்டில தமிழர் ஒருத்தரும் இல்லை எண்டு. உள்ளுக்க என்ர மனுசி ரெண்டு பிள்ளையளோட அலுமாரிக்குப் பின்னால." அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்தார். "எனக்கு அவவைப் போலச் சிரிக்க வரேல்லை. அதாலதான் என்னை நம்பேல்லை."

"தெரிஞ்சா நூத்தி அறுபத்து நாலுன்னு போடுங்க சேர். நீங்கதான் எஞ்சினியர்."

"விரலடையாளம் இருக்கு. நாளைக்கு ஆராவது இந்தக் கோவையைத் திறந்து, இல்லாத தமிழரை இருக்கினம் எண்டு ஏன் எழுதினாய் எண்டு கேட்டால், நான் என்ன சொல்லுறது? என்ர பேரைப் பாத்தாலே காணும் அவங்களுக்கு."

"நீங்க ஒரு கோழை சேர்."

"ஓம்," என்றார். "அதாலதான் உயிரோட இருக்கிறன்."

முகத்தில் அடித்திருந்தாலும் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. திட்டுவார் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பட்டியலைச் சுத்தப்பிரதி எடுத்தேன். வத்தேகம. கட்டுகஸ்தோட்டை. கலகெதர. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னிடம் கொடுப்பார்கள். பன்விலைக்கு நேரே ஏழாவது கட்டத்தில் சைபர் போட்டேன். போத்தல்களை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். இட இலக்கம் கேட்டார்கள். இலக்கம் இல்லாத தண்ணீரைச் சோதிக்க விதி இல்லையாம். திரும்பக் கொண்டுவந்து மேசை லாச்சியில் வைத்தேன். கரி அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. பார்க்க நல்ல தண்ணீர் மாதிரித்தான் இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனேன். ஜீப் இல்லாமல், ரப்பர் செருப்போடு. அம்மா முடக்கிலேயே நின்றாள். ஓடி வந்து என் தோள், கை, முதுகு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள்.

"அடிச்சானுங்களா?"

"யாரு?"

"அந்த ஜீப்புக்காரனுங்கதான். ஒன்னப் புடிச்சிக்கிட்டு வந்தானுங்களே." என் பதிலுக்குக் காத்திராமல் பூரித்துப் போனாள். "எப்புடிச் சொன்னேன் பாத்தியா? ஒரு எடத்துல மாட்டிக்கிட்டேனா? நீ சொன்ன மாதிரியே, தெரியாதுன்னேன். இந்தக் கழுததான் கெடுக்கப் பாத்துச்சு. அதையும் சமாளிச்சேன்ல?"

அவளிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. சொன்னேன். அவர்கள் பிடிக்க வந்தவர்கள் இல்லை என்று சொன்னேன். எத்தனை பேர் என்று சொல்லியிருந்தால் பவுசரில் தண்ணீர் வந்திருக்கும், ஒரு வருடத்துக்கு, வாசலுக்கே வந்திருக்கும் என்று சொன்னேன்.

அம்மா பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். கயிற்றின் முடிச்சை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி குடுக்கவா ஜீப்புல வருவாங்க?"

நான் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தேன்.

"ஒரு வார்த்த மின்னாடியே சொல்லக்கூடாதா பேச்சி? வெத்தல பாக்கு வச்சுக் கூப்புட்ட மாதிரி அம்புட்டுப் பேரையும் வரிசையா நிக்க வச்சிருப்பேனே. இந்தப் புள்ள காலத் தூக்கிக் காட்டியிருப்பேனே."

"ம்."

"இப்பப் போயிச் சொன்னா? நானே வாரேன் ஒன்னோட. கந்தோருக்கு வந்து சொல்றேன்."

"முடிஞ்சு போச்சும்மா. கலகெதரவுக்குக் குடுத்துட்டாங்க."

"அங்க தண்ணி ரொம்ப மோசமோ?"

"இல்ல. அங்க கெணறு இருக்கு."

அவள் முடிச்சிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். குடத்தின் வாயில் பழைய வேட்டித் துண்டை நாலாக மடித்துக் கட்டியிருந்தாள். தண்ணீர் பிடித்து முடித்ததும் துண்டை அவிழ்த்தாள். நடுவில் கரி வட்டமாகப் படிந்திருந்தது. அதே பீலியில் அதை அலசிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வந்து எனக்குத் தேத்தண்ணிக்கு வைத்தாள்.

யோகராணி வாசலில் உட்கார்ந்திருந்தது. காலில் ஈ மொய்த்தது. அதற்காக ஒரு பிஸ்கட் பக்கெட் வாங்கி வந்திருந்தேன். கிட்டப் போய்க் குனிந்து நீட்டினேன். அது என்னைப் பார்த்தது. பிறகு அடுப்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தது. கையால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டது. நான் பொத்திய கையை மெதுவாக எடுத்துவிட்டேன்.

"நான் யாரு, சொல்லு?" என்றேன்.

"தெரியாது," என்றது.